வாழையடி வாழையும் வளரூக்கியும்

உண்ணும் வாழைக்கு விதையில்லை, கன்றே வழி. ஆயின் தாயைப் பற்றிய நோயும் கன்றோடு கூடவே வரும். விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகளை முடிக்கொத்து நச்சுயிரி சூறையாடியது அசுவுணியாலும் இவ்வழியாலுமே. அவற்றை மீட்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கைக்கொண்டது இழைய வளர்ப்பு: நோயற்ற கன்றின் குருத்து நுனியை வெட்டிக் குடுவையில் வளர்த்தல். (ஈழத்துப் பாடநூல்கள் 'இழையம்' என்று தெளிவாய் வழங்கியிருக்க, இங்குள்ளோர் 'திசு' என்று ஒலிபெயர்த்ததோடு அமைந்துவிட்டனர்.)

குடுவைக்குள் வினையாற்றுவன வளரூக்கிகள். சைட்டோகைனின் மிகுந்தால் தளிர், ஆக்சின் மிகுந்தால் வேர் என்று 1957-இல் சுகூகும் மில்லரும் புகையிலை இழையத்தில் காட்டினர். வாழைக்கும் அதுவே முறை. முன்னதை மிகுத்துத் தளிர்களைப் பெருக்குவர். பின்னதை இட்டு வேர்விடச் செய்வர். நிழற்குடிலில் பழக்கியபின் நிலத்திற்கு அனுப்புவர். ஊக்கி அளவு மிஞ்சினாலோ, பிரித்துப் பிரித்து நெடுநாள் பெருக்கினாலோ, தாயை ஒவ்வாத திரிபுக் கன்றுகள் தோன்றும். ஓராண்டு காத்திருந்த உழவன் குலை தள்ளும்போதுதான் அதை அறிவான்!

இக் கலையை வெறுப்பது பேதைமை. வினா வேறு: குடுவையில் வளர்வது எவ் வாழை? சந்தைக்காகப் பெரிதும் பெருக்கப்படுவது 'கிராண்டு நைன்' என்னும் பிரெஞ்சுப் பெயர் வகை. உழவர் வாயில் அது வெறும் ஓரெழுத்தும் ஓரெண்ணுமாய்ச் சுருங்கிவிட்டது. மட்டியும் மொந்தனும் பச்சைநாடனும் அக் குடுவைக்குள் பெருவாரியாய் நுழைவது எந்நாள்? திருச்சியில் 1993 முதல் நடுவணரசின் வாழை ஆய்வு நடுவம் இருக்கின்றது. கோவையில் பட்டறிவும் இருக்கின்றது. இனி விற்கப்படும் ஒவ்வொரு கன்றுடனும் வகைப்பெயர், தாய்மரத்தின் ஊர், எத்தனை முறை பிரித்துப் பெருக்கியது என்பன தமிழில் எழுதித் தரப்படல் வேண்டும். சடையங்குப்பத்துக் கொல்லையில் ஒரே ஒரு கன்று நடுபவரும் அதைப் படித்தே வாங்கட்டும்.