பலாலிக்கு வந்த விமானமும் நெடுந்தீவுக்குப் போகும் படகும்

விமானங்களைப் பார்த்துக் குறித்து வைப்பது உலகம் முழுவதும் பலருடைய பொழுதுபோக்கு. எந்த நிறுவனத்திடம் எந்த வகை விமானம் இருக்கிறது, எந்த வழித்தடத்தில் எது பறக்கிறது, வாலில் என்ன நிறம் என்று அவர்கள் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். தீவகத்துப் பிள்ளைகளுக்கும் இப்போது அந்த ஆர்வம் பிடித்திருக்கிறது. தூரத்து விமானத்தைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து, "இது இன்டிகோ, திருச்சியிலயிருந்து வருகுது" என்று சொல்லும் பெடியளை ஊர்காவற்றுறையில் காண்கிறேன்.

அந்த வயதில் எங்களுக்கும் விமானங்களைப் பிரித்தறியத் தெரியும். ஆனால் நாங்கள் அதை உயிர் தப்புவதற்காகப் படித்தோம். குத்திக்கொண்டு இறங்குவது சியாமாசெட்டி. மெதுவாக இரைந்து வந்து குண்டைத் தள்ளிவிட்டுப் போவது சகடை. 1993 இல் புக்காரா, 1996 இல் கிபிர், 2000 இல் மிக் 27 என்று விமானப்படை புதிது புதிதாக வாங்க, எங்கள் காதுகளும் புதிய சத்தங்களைப் பழகிக்கொண்டன. வன்னியில் இருந்தவர்கள் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்தை 'வண்டு' என்றார்கள். 1995 யூலை 9 ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்த பிறகு, கோயிலும் பாதுகாப்பில்லை என்பதையும் அறிந்துகொண்டோம்.

இப்படி வளர்ந்த ஒரு சமூகத்தின் வானத்தில் பயணிகள் விமானம் பறப்பது சாதாரண விடயமல்ல. ஆனால் சந்தோசத்தோடு நின்றுவிடக் கூடாது. எந்த விமானம், எந்த வழி, யாருக்காக என்ற கேள்விகளை நாங்களும் கேட்க வேண்டும்.

பழைய வழித்தடம்

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் தன் முதலாவது சேவையைத் தொடங்கியபோது, அதன் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு பலாலியில் இறங்கி சென்னைக்குப் பறந்தது. அதாவது, இலங்கையின் தேசிய விமான சேவை யாழ்ப்பாணத்தைத் தொட்டுத்தான் பிறந்தது. அதன் முதல் டக்கோட்டாக்களில் ஒன்றுக்குச் சீதாதேவி என்று பெயர். பின்னாளில் யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கும் சேவை நடந்தது. ஆகவே 2025 மார்ச் இறுதியில் இன்டிகோ தொடங்கிய திருச்சிச் சேவையைப் புதிய வழித்தடம் என்று சொல்வது சரியல்ல. அறுந்துபோன வழி ஒன்று திரும்ப ஒட்டப்பட்டிருக்கிறது.

அது எப்படி அறுந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1978 செப்டெம்பர் 7 ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் போய் இறங்கியிருந்த எயார் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பிறகு போர் முற்ற, பலாலி படைத்தளமாகவே மாறியது. 1987 யூன் 4 ஆம் திகதி இந்தியாவின் அன்ரனோவ் 32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. பதினொரு வருடங்களின் பின், 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி, அதே அன்ரனோவ் குடும்பத்தைச் சேர்ந்த லயன் எயார் விமானம் பலாலியிலிருந்து புறப்பட்டு இரத்மலானைக்குப் போகும் வழியில் கடலில் விழுந்தது. பயணிகள் 48 பேரும் பணியாளர் 7 பேரும் இறந்தார்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணை தாக்கியே அது விழுந்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது. 2012 இல் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. பின்னர், உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக மீட்கப்பட்ட உடைகள் யாழ்ப்பாணத்தில் வைக்கப்பட்டன. பதினைந்து வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த சட்டையில் தன் பிள்ளையைத் தேடிய தாய்மார் எங்கள் மண்ணில் இருக்கிறார்கள். தரைப்பாதை மூடியிருந்த காலத்தில் கப்பலையும் விமானத்தையும் விட்டால் வேறு வழியில்லாமல் ஏறியவர்கள் அவர்களின் பிள்ளைகள்.

ஏன் இந்தச் சின்ன விமானம்?

2019 ஒக்ரோபர் 17 ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருந்ததற்கே தெற்கில் எதிர்ப்புக் கிளம்பியது. நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பர் 1 ஆம் திகதி இன்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது.

இரு நிறுவனங்களும் கொண்டுவந்தது ஒரே வகை விமானம்: பிரான்சின் துலூஸ் நகரில் பொருத்தப்படும் ஏ.ரி.ஆர் 72. இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். பயணிகள் பின்பக்கக் கதவால் ஏறுவார்கள். இன்டிகோவின் விமானத்தில் 78 இருக்கைகள், அலையன்ஸ் எயாரில் 70. இன்டிகோவிடம் உள்ள நானூறுக்கு மேற்பட்ட விமானங்களில் பெரும்பாலானவை எயார்பஸ் ஏ320 குடும்பம், ஏ.ரி.ஆர் சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கு எங்களுக்கு வருவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று தூரம். சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீற்றர், திருச்சிக்கு 185 கிலோமீற்றர்தான். கட்டுநாயக்கவை விடத் திருச்சி எங்களுக்குக் கிட்ட. இவ்வளவு குறுகிய தூரத்துக்கு விசிறி விமானமே எரிபொருளை மிச்சம் பிடிக்கும். மற்றது ஓடுபாதை. ஏ.ரி.ஆர் முழுச் சுமையோடு கிளம்ப 1,300 மீற்றர் அளவு போதும். ஏ320க்கு 2,000 மீற்றருக்கு மேல் வேண்டும்.

இங்கேதான் விமானப் பிரியர்களின் பேச்சு எங்கள் அரசியலோடு முட்டுகிறது. "பெரிய விமானம் எப்போது வரும்?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் காணி இருக்கிறது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் துரத்தப்பட்டு, விமானத் தளத்தைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. 2013 இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது காணிச் சொந்தக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். மயிலிட்டித் துறைமுகம் விடுபடவே 2017 யூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விமான நிலைய விரிவாக்கம் என்ற பெயரில் இன்னும் விடுபடாத காணிகளை நிரந்தரமாக விழுங்கினால், ஊரவன் தன் வீட்டைப் பறிகொடுத்து விமானம் பார்த்த கதையாகிவிடும். ஓடுபாதைக்கு உண்மையில் எவ்வளவு நிலம் வேண்டும், படைமுகாம் எவ்வளவை வைத்திருக்கிறது என்ற இரண்டு கணக்கையும் வேறு வேறாக மக்கள் முன் வைக்க வேண்டும். சேர்த்துக் காட்டினால் அது ஏமாற்று.

தீவகத்துக் கணக்கு

தீவகத்தவர்கள் உலகம் முழுவதும் பறந்தவர்கள். பாரிசிலும் சூரிச்சிலும் ரொறொன்ரோவிலும் புங்குடுதீவுக்கும் நயினாதீவுக்கும் ஊர்ச் சங்கங்கள் உண்டு. நயினை அம்மன் திருவிழாவுக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் இரண்டு மூன்று விமானம் மாறி வந்தவர்கள். அவர்களுக்குச் சென்னை வழி ஒரு வசதி. கட்டுநாயக்கவில் இறங்கி இரவிரவாக பஸ்ஸில் வரும் களைப்பு மிச்சம்.

ஆனால் ஊரில் இருக்கிறவருக்கு? பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்க ஒன்றேகால் மணித்தியாலம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகவே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிடிக்கிறது, அதுவும் கடல் இடம் கொடுத்தால். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் பஸ் பயணம் இதற்குப் புறம்பு. காற்றுக் காலத்தில் நோயாளியை ஏற்றிக்கொண்டு அந்தக் கடலைத் தாண்டுகிறவர்களுக்கு வாலின் நீல நிறம் ஆறுதல் தராது. 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்ட பின்னும் அதே படகுதான் அந்த மக்களைத் தொடர்ந்து சுமந்தது. அவர்களுக்குப் பதிலீடாகக் கிடைத்தது மிகக் குறைவு.

விமான நிலையம் வேண்டாம் என்பது என் வாதமல்ல. ஒரு சர்வதேச விமான நிலையத்தைக் கட்டி எழுப்ப முடிந்த அரசுக்கு, இரவிலும் அவசரத்துக்கு ஓடக்கூடிய ஒரு நோயாளர் படகையும் ஒழுங்கான இறங்குதுறையையும் கொடுக்க முடியாதா? விமானம் வந்து இறங்கும் நேரத்துக்கும் கடைசிப் படகின் நேரத்துக்கும் ஒரு தொடர்பு ஏற்படுத்த முடியாதா? வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் சங்கங்கள் கோயில் கோபுரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் படகுக்கும் கொடுக்கலாம். அதற்காக அரசின் பொறுப்பு குறையாது.

ஒரு சேவை யாருக்குப் பயன்படுகிறது என்பதை அதன் கடைசித் தரிப்பிடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்தின் கடைசித் தரிப்பிடம் பலாலி அல்ல, நெடுந்தீவு இறங்குதுறை. பெரிய விமானம் எப்போது வரும் என்று கேட்கிறவர்கள், அங்கே அடுத்த படகு எத்தனை மணிக்கு என்றும் கேட்க வேண்டும்.