ஐஸ்கிரீம் கடைக்கு இடம்... யாருக்குக் கொடுக்கலாம்?

''பசுமலையில் மெயின் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. இரண்டு எருமைகளும் வளர்க்கிறோம். ஐஸ்கிரீம் கடை வைக்க இரண்டு பேர் இடம் கேட்கிறார்கள். உள்ளூர்த் தம்பி ஒருவர், எங்கள் பாலையே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். மற்றவர் பெரிய கம்பெனியின் ஏஜென்ட். வாடகை கூடுதலாகத் தருகிறார். யாருக்குக் கொடுக்கலாம்?''
- வாசகி ஒருவர், பசுமலை, மதுரை.

கம்பெனி என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. அருண் ஐஸ்கிரீம்கூட 1970-ம் ஆண்டு, சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் தயாரித்துத் தொடங்கியதுதான். அதன் தாய் நிறுவனமான ஹட்சன், இன்று விவசாயிகளிடம் நேரடியாகப் பால் வாங்குகிறது. ஆனால், எந்தக் கம்பெனியின் கடை வந்தாலும் சரக்கு தொழிற்சாலையில் இருந்து டப்பாவில் வந்து இறங்கும். கடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் எருமையின் பாலுக்கு அங்கே வேலை இல்லை.

அதற்காக, உள்ளூர்க்காரர் என்ற ஒரே காரணத்துக்காகவும் கொடுத்துவிடக் கூடாது. அவர் செய்யப்போவது பால் ஐஸ்கிரீம்தானா என்று முதலில் கேட்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி, 'ஐஸ்கிரீம்' என்று விற்பதில் குறைந்தது 10 சதவிகிதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்தால் அது 'ஃப்ரோசன் டெசர்ட்'. அப்படித்தான் லேபிளில் எழத வேண்டும். ரெடிமேட் கலவையை வாங்கி உறைய வைத்து விற்பவருக்குப் பால் எதற்கு?

கணக்கும் சுலபம்தான். 6 சதவிகிதக் கொழுப்புள்ள 10 லிட்டர் எருமைப் பாலில் சுமார் 600 கிராம் கொழுப்பு கிடைக்கும். அதில் 6 கிலோ ஐஸ்கிரீம் செய்யலாம். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் எடை இருந்தாலே விதிப்படி போதும், மீதி காற்று. ஆக, அந்த 6 கிலோ, 11 லிட்டர் டப்பாக்களை நிரப்பிவிடும். பாலைச் சுண்டக் காய்ச்சி ஜிகர்தண்டா போடும் ஊரில், இந்த லாபம் அந்தத் தம்பிக்குத் தெரியாமல் இருக்காது. எனவே, பால் விலையைக் கொழுப்பு அளவை வைத்துப் பேசுவதுதான் நியாயம்.

வாடகை ஒப்பந்தம் தனி, பால் ஒப்பந்தம் தனி என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், பால் பாக்கி நிற்கும்போது வாடகையும் சேர்ந்து நிற்கும். பாலுக்கு வாரம்தோறும் பணம் வாங்கிவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஐஸ்கிரீம் வியாபாரம் படுத்துவிடும். எருமைகள் அதற்காகப் பாலை நிறுத்தாது. அதனால், கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றுவதை முழுவதுமாக விட்டுவிடக் கூடாது.

வீட்டு மின் இணைப்பில் ஃப்ரீசர் ஓட்டக் கூடாது. வணிக இணைப்பு வாங்க வேண்டும். கரன்ட் போனால் மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் கேட்டு வைக்கலாம்; உருகியதைத் திரும்ப உறைய வைத்து விற்றால், கெட்ட பெயர் கடை கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான்.

இதற்கெல்லாம் அந்தத் தம்பி எழுதிக் கொடுத்தால், வாடகை கொஞ்சம் குறைந்தாலும் அவருக்கே கொடுக்கலாம். எழுதி வாங்கும்வரை ஏஜென்டிடம், 'இல்லை' என்று சொல்லிவிட வேண்டாம்.