சேர்க்கும் இனிப்பும் காக்கும் இனிப்பும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் வாரங்களில் தென்காசிச் சாலையோரங்களில் பதநீருக்குக் கூட்டம் கூடும். சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, சுரண்டை வட்டாரத்தில் பாளை சீவும் பருவம் முடியும் நேரமும் அருவிப் பருவம் தொடங்கும் நேரமும் அடுத்தடுத்து வருகின்றன. வெளியூர்க்காரர்கள் அப்போது சொல்லும் குறை இரண்டு: இனிப்புப் போதவில்லை, சுண்ணாம்பு காரலாக நிற்கிறது. இதற்குச் சிலர் கண்டுபிடித்த வழி, சீனியைக் கரைப்பது. அதைவிட மோசமாக, சாக்கரினும் எசன்ஸும் சேர்ப்பது. இந்தப் பாதை தொழிலுக்கே கேடு என்பது இவ்விதழின் கருத்து. பதநீரில் இனிப்பு ஏற்கெனவே இருக்கிறது. அது எங்கே கரைந்து போகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

கணக்கைப் பாருங்கள். பாளையிலிருந்து சொட்டும் புதுச்சாற்றில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் வரை சர்க்கரை உண்டு. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ். கடைகளில் விற்கும் கோலா பானங்களில் இருப்பது 10, 11 கிராம்தான். அப்படியிருக்க, பதநீர் சப்பென்று இருந்தால் ஒன்று அதில் தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது சர்க்கரையை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தின்றிருக்க வேண்டும். ஈஸ்ட் தின்னும் சர்க்கரையில் எடைக்கு ஏறத்தாழப் பாதி ஆல்கஹாலாகவும் மறுபாதி கரியமில வாயுவாகவும் மாறுகிறது. மண்கலயத்தின் நுண்துளைகளில் நேற்றைய ஈஸ்ட் தங்கியிருக்கும். நம் ஊர் வெக்கையில் அது பெருகச் சில மணி நேரம் போதும். இந்த நிலையில் சீனியைக் கொட்டுவது, ஈஸ்ட்டுக்கு இன்னொரு பந்தி போடுவதுதான்.

ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து சைடர் செய்யும் ஐரோப்பியக் குடியானவர்களுக்கும் இதே சிக்கல்தான். விட்டுவிட்டால் சர்க்கரை முழுவதும் கரைந்து, பழவாசனையும் மெலிந்து, வறண்ட புளிப்பே மிஞ்சும். பிறகு சீனி சேர்த்துப் புட்டியில் அடைத்தால் மறுபடி புளித்துப் புட்டி வெடிக்கும். பிரான்சின் நார்மண்டி, பிரிட்டனி பகுதிகளில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. குளிர்காலத்தை ஒட்டி அரைத்த ஆப்பிளின் பெக்டின், கால்சியத்தோடு சேர்ந்து கூழாகித் திரண்டு மேலே மிதக்கும். ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்தில் பெரும்பங்கு அந்தக் கூழோடு போய்விடும். அடியில் தெளிந்த சாற்றை மட்டும் பிரித்தெடுத்துக் குளிரில் வைத்தால், ஈஸ்ட் இளைத்து, புளிப்பு மெல்ல நடந்து, பாதியிலேயே ஓய்ந்துவிடும். மீதிச் சர்க்கரையும் பழவாசனையும் சாற்றில் நிற்கும். அவர்கள் இனிப்பைக் கூட்டவில்லை. தின்பவனின் பசியைக் கட்டுப்படுத்தினார்கள்.

நம் பனையேறிகள் அதே வேலையைக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிச் செய்துவந்திருக்கிறார்கள். காரத்தன்மை ஏறினால் ஈஸ்ட் அடங்கும். ஆனால் அளவு மீறும்போது அதே சுண்ணாம்பு நாக்கில் வழவழப்பாகவும் காரலாகவும் நின்று, சாற்றின் மெல்லிய மணத்தை அமுக்கிவிடுகிறது. ஆக, இனிப்புக் குறைவும் காரலும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள். சுத்தம் குறைந்த இடத்தில்தான் சுண்ணாம்பு கூடுகிறது. கலயத்தை நாள்தோறும் கழுவி வெயிலிலோ அனலிலோ காயவைத்து, விடியலிலேயே இறக்கி, வடிகட்டி, உடனே குளிரில் வைத்தால் குறைந்த சுண்ணாம்பே போதும். காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னம்பாளைக்குப் பனிக்கட்டிப் பெட்டி பொருத்தி, சுண்ணாம்பே இல்லாமல் ‘கல்பரசா’ இறக்கிக் காட்டியிருக்கிறது. பழச்சுவைக்கும் எசன்ஸ் வேண்டாம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பனையோலைப் பட்டையில் ஊற்றிய பதநீரில் மாங்காய் சீவிப் போடுவது வெறும் ருசிக்காக மட்டும் அல்ல. மாங்காயின் அமிலம் மிஞ்சிய காரத்தை முறித்து, அடங்கிக் கிடந்த இனிப்பை மேலே கொண்டுவருகிறது. அதே காரணத்தால், மாங்காய் விழுந்த பதநீருக்குச் சுண்ணாம்பின் காவல் தளர்ந்துவிடுகிறது. ஆகவே கழுவிய மாங்காயைக் குடிக்கும்போது சேர்க்க வேண்டுமே தவிர, காலையிலேயே அண்டாவில் போட்டு வைக்கக் கூடாது.

சுண்ணாம்பைக் குறைத்தால் பதநீர் கள்ளாகிவிடும், 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ள மாநிலத்தில் வழக்கை யார் சுமப்பது என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். குளிரும் சுத்தமும் உறுதியாகும் வரை சுண்ணாம்பில் கை வைக்கக் கூடாது என்பதே அதற்குப் பதில். அமில கார நிலை காட்டும் தாளை நனைத்துப் பார்த்துக் குறைப்பது வேறு, கண்ணை மூடிக்கொண்டு குறைப்பது வேறு. பனிக்கட்டிக்குக் காசு எங்கே, பனையேற ஆளே இல்லையே என்பது அடுத்த கேள்வி. மரந்தோறும் பெட்டி கட்டச் சொல்லவில்லை. இறக்கிய சாற்றைக் குளிரவைக்க ஊருக்கு ஒரு பொதுக் குளிர்கலம் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். வாங்குகிறவர் அதிக இனிப்பைத்தானே கேட்கிறார் என்பது மூன்றாவது வாதம். ஒரு நாள் சாக்கரினைக் குடித்தவர் அதைப் பதநீர் என்றே நம்பிப் போவார். மறுமுறை அதற்கு அவர் பாட்டில் பானத்தையே வாங்கலாமே.

காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதில் விறகுச் செலவும் உழைப்பும் எவ்வளவு என்பது உற்பத்தியாளர்கள் அறிந்ததே. பதநீராகவே நல்ல விலைக்கு விற்க முடிந்தால் பனையேறிக்கு லாபம். அந்த விலை, குடிப்பவரின் நம்பிக்கையில் நிற்கிறது. ஆகவே கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தனி வியாபாரிகளுக்கும் எங்கள் வேண்டுகோள்: வரும் பருவத்தில் சீனி மூட்டைக்கு ஒதுக்கும் பணத்தைக் குளிர்கலத்துக்கும் புதுக் கலயங்களுக்கும் ஒதுக்குங்கள்.