சோழர் வீட்டு மருமகள்



திருப்பணி நடக்கிற கோயில் வீதியில் ஒரு மூலையைப் போய்ப் பாருங்கள். உடைத்துப் போட்ட சீமெந்துக்குள் 'உபயம்' என்று எழுதிய பழைய மாபிள் துண்டு ஒன்றாவது கிடக்கும். ஒரு பெயர், ஒரு ஊர், பாதி வருடம். மகள் சுகமாகப் பிள்ளை பெற வேண்டுமென்று நேர்ந்து, சீட்டுக் காசில் ஒரு தாய் கட்டிக் கொடுத்த தூணாக இருக்கலாம். அந்தத் துண்டும் கல்லும் மண்ணுமாக லொறியில் ஏறிவிடுகிறது.

பழைய உபயங்களை மதிக்கிற விஷயத்தில் சோழ அரசி செம்பியன் மாதேவியாரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவர் மழவரையர் என்ற சிற்றரசர் குடும்பத்துப் பெண். கண்டராதித்த சோழருக்கு வாழ்க்கைப்பட்டார். 957 அளவில் கணவர் காலமானபோது மகன் உத்தமன் சிறுபிள்ளை. ஆட்சி கொழுந்தன் அரிஞ்சயருக்குப் போனது. பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்கு. உத்தமன் அரசனாக 970 தாண்டிவிட்டது. 985இல் ஆட்சி மறுபடியும் கொழுந்தன் வழிக்கே, பேரன் முறையான ராஜராஜனிடம் போனது.

காணித் துண்டொன்று சித்தப்பா வீட்டுக்குப் போனாலே நம் குடும்பங்களில் எத்தனை வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோகும்? இங்கே போனது ஒரு நாடு. ஆனாலும் இந்த அம்மாவின் திருப்பணி உத்தமன் காலத்திலும் நடந்தது, ராஜராஜன் காலத்திலும் நடந்தது. மருமக்கள் இவருடைய பிறந்த நட்சத்திரத்தில் அன்னதானம் நடக்க நிலம் எழுதி வைத்தார்கள். மாமியார் பிறந்தநாளுக்கு மருமக்கள்! அந்த வீட்டை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

ஆடுதுறை, குத்தாலம், விருத்தாசலம் என்று பல ஊர்களில் பழைய கோயில்களைக் கருங்கல்லில் எடுப்பித்தார். கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரிலேயே கோயில் எழுப்பி, அவர் சிவலிங்கத்தைக் கும்பிடுவது போலச் சிற்பமும் வைத்தார்.

நான் சொல்ல வந்தது திருக்கோடிக்காவலை. அங்கே கோயிலைப் புதிதாகக் கட்டியபோது, முந்தைய அரசர்கள் காலத்துக் கொடைகளைச் சொன்ன பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். அரச குடும்பத்துப் பெண், விரும்பினால் முழுச் சுவரிலும் தன் பெயரையே எழுதியிருக்கலாம். யாரோ எப்போதோ கொடுத்த நிலத்துக்கும் விளக்குக்கும் இடம் விட்டார்.

எங்கள் திருகோணமலைக்கு இதன் அருமை தெரியும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, கல்லைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கோட்டை வாசலில் எஞ்சிய எழுத்தை இன்றும் நின்று பார்க்கிறோம். 1950இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டபோது, ஊரே கொண்டாடியது. அன்னியர் உடைத்ததற்கு இவ்வளவு கவலைப்படுகிற நாங்கள், எங்கள் கையாலேயே பெயர்களை உடைக்கலாமா?

லிங்கநகரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கோயில் நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். பாலஸ்தாபனத்துக்கு முன் பழைய உபயப் பெயர்களைப் போனில் படம் எடுங்கள், ஒரு கொப்பியில் எழுதுங்கள். புதுச் சுவரில் ஒரு பலகை போதும், எல்லாப் பெயரும் அடங்கும். செலவு பெரிதல்ல.

அந்தப் பட்டியலில் உங்கள் அம்மம்மா, அப்பம்மா பெயர் இருந்தால் அவர்களைப் பற்றி நாலு வரி எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கம் அவர்களுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்