விருதும் வித்தையும்

விருது என்னுஞ் சொல் வெற்றிச் சின்னத்தையும் கொடியையும் குறிக்கும் என்பர் அகராதி நூலார். வென்றவன் ஒருவன் உளனெனின் தோற்றவனும் இருத்தல் வேண்டுமன்றோ? நமது கல்லூரிப் பரிசளிப்பு விழாவிலும் இதுவே முறை: ஒருவர் மேடையேற, ஏனையோர் கைதட்டுகின்றோம். தோற்றவர் எவருமின்றி வழங்கப்படும் விருது ஒன்று கிறிஸ்தவச் சிறார் இயக்கம் ஒன்றில் உண்டு.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுத் திருச்சபையாரின் பாத்பைண்டர் சங்கத்தையே குறிக்கின்றேன். 10 முதல் 15 வயது வரையுள்ள சிறுவரும் சிறுமியரும் அதன் உறுப்பினர். அச்சங்கத்தைத் திருச்சபையின் தலைமைக் குழு 1950-இல் முறையாக ஏற்றது; விருதுகளோ அதனினும் மூத்தவை, 1928-இல் 16 துறைகளோடு தொடங்கியவை. இன்று அவை பல நூறாகப் பெருகியுள்ளன. சமையல், முதலுதவி, விண்மீன், பறவை என விரும்பியதைப் பயிலலாம். தேறியவர் மார்பின் குறுக்கே அணியும் பட்டையில் அதற்குரிய சின்னம் தைக்கப்படும்.

முடிச்சிடுதலை எடுத்துக்கொள்வோம். 20 வகை முடிச்சுக்களைப் புத்தகம் பாராமல் இட்டுக் காட்டவேண்டும். ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்றும் சொல்லவேண்டும். ஒரு வாரத்திற் கற்றவனுக்கும் மூன்று திங்கள் உழன்று கற்றவனுக்கும் சின்னம் ஒன்றே. ஆகவே, அறிந்தவன் அறியாதவனுக்குக் கற்பிப்பதால் இழப்பது ஒன்றுமில்லை. நம் தேர்வு முறையிலோ நண்பன் ஐந்து மதிப்பெண் மிகுதியாகப் பெற்றால் நாம் ஒரு படி இறங்குகின்றோம். குறிப்பேட்டை ஒளித்து வைப்போர் நம்முள் இலர் என்று யார் துணிந்து கூறுவர்?

தேவ கிருபை ஈட்டிப் பெறுவதன்று எனப் போதிக்கும் சபையார் சிறாருக்குச் சின்னம் அணிவித்துச் செருக்கை வளர்க்கலாமா என்பாரும் உளர். வினா தக்கதே. ஆயினும் முடிச்சு வேறு, கிருபை வேறு. முடிச்சு பழகியே பெறவேண்டுவது. தாலந்து உவமையில் ஐந்து பெற்ற ஊழியனும் இரண்டு பெற்ற ஊழியனும் எஜமானிடம் ஒரே புகழுரையைக் கேட்டதனை ஈண்டு நினைக.

எனக்குள்ள அச்சம் வேறு. 2024-இல் அமெரிக்க நாட்டின் வயோமிங் மாகாணத்து ஜில்லெட் நகரில் 50,000-க்கு மேற்பட்டோர் கூடிய பெருமுகாம் நடந்தது. இத்தகைய முகாம்களிலும் விருதுப் பயிற்சி உண்டு. கூட்டம் பெருகப் பெருக, ஆசிரியர் ஒவ்வொரு கையையும் பார்த்தல் எங்ஙனம் இயலும்? சில மணி நேரத்தில் வினாவிடை எழுதிச் சின்னத்தோடு திரும்புவது எளிதாகிவிடும். நூற்பாவை ஒப்பித்துப் புணர்ச்சியறியாத எம் போன்ற தமிழ் மாணவர்க்கு இந்நோய் புதிதன்று.

முதலுதவியில் இது சிறு பிழையாகாது. குருதி ஒழுகக் கிடப்பவனைச் சூழ்ந்தவர்கள், பட்டையிலுள்ள சின்னத்தை நம்பியே ஒரு சிறுவனுக்கு வழிவிடுவர். கை அறியாததைப் பட்டை பறைசாற்றுமாயின் அது பொய்ச்சாட்சியேயாம்.

சின்னம் தைத்து ஆறு திங்கள் கழிந்தபின், முன்னறிவிப்பின்றிக் கயிற்றையோ கட்டுத்துணியையோ கையில் கொடுத்துப் பார்த்தல் நலம் என்பது என் கருத்து. மறந்திருப்பின் சின்னத்தைப் பறிக்க வேண்டுவதில்லை. அருகிலிருக்கும் தோழனே மீண்டும் கற்பிப்பான்.