கட்டிலின்மேல் அடுப்பு

மும்பையில் கனமழை என்று செய்தித்தாளில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கஞ்சியின் நினைவுதான் வருகிறது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மின்சார ரயில்கள் நின்றுபோயின. தாராவியில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். அம்மா மண்ணெண்ணெய் அடுப்பைக் கட்டிலின்மேல் ஏற்றிக் கஞ்சி காய்ச்சினார்கள். அம்மி தண்ணீருக்குள் கிடந்தபடியால் துவையல் இல்லை, ஊறுகாய்தான். அடுத்த வீட்டு மராட்டியக் குடும்பத்துக்கும் பாதி போயிற்று. அப்பாவின் பங்கை மட்டும் அம்மா மூடிவைத்து, இரவெல்லாம் வாசலையே பார்த்திருந்தார்கள்.

அந்தேரியிலிருந்து நடந்தே மறுநாள் காலையில் அப்பா வந்தார்கள். காலில் செருப்பில்லை, கக்கத்தில் விரிக்காத குடை.

“ஏன் விரிக்கவில்லை?”

“புதுக்குடை, நனைந்துவிடுமே!”

அம்மா சிரித்தார்கள், உடனே அழுதும்விட்டார்கள். கஞ்சி ஆறிக் களியாகியிருந்தது. அப்பா ஒரு பருக்கைகூட விடவில்லை.