உங்கள் எம்.எல்.ஏ எந்தப் பக்கம் நின்றார்? நிலத்தையும் நீரையும் தொடும் மசோதாக்களில் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். விதை வாங்கினால் முளைப்புத்திறனைக் கேட்கிறோம். ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்டு வரும் சட்டமன்ற உறுப்பினரிடம், 'நம் நிலத்தைத் தொடும் மசோதா வந்தபோது நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?' என்று கேட்பவர்கள் குறைவு. சாலை போட்டாரா, துக்க வீட்டுக்கு வந்தாரா என்பதோடு கணக்கை முடித்துவிடுகிறோம். ஏரி, வாய்க்கால், நிலம், விளைபொருள் விற்பனை ஆகியவற்றின் தலையெழுத்தை மாற்றுவது சட்டமன்றத்தில் நிறைவேறும் மசோதாக்கள்தான். அந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது, அதில் என்ன சிக்கல் இருக்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

ஒரே நாள், இரண்டு மசோதாக்கள்

2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடரில் கடைசி நாள். அன்று பல மசோதாக்கள் அடுத்தடுத்து நிறைவேறின. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். தொழிலாளர்களின் அன்றாட வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிவிட்ட மசோதா அது. ஆளும் திமுகவின் கூட்டணியில் இருந்த இடதுசாரிக் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்டவை அவையிலேயே எதிர்த்துப் பேசி வெளிநடப்புச் செய்தன. மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. ஆனாலும், அடுத்த நாளே அது மாநிலம் முழுக்கப் பேச்சானது. தொழிற்சங்கங்கள் போராட்டம் அறிவித்தன. மூன்றே நாளில், ஏப்ரல் 24 அன்று, மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

இன்னொன்று, தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. 100 ஹெக்டேர், அதாவது சுமார் 250 ஏக்கருக்குக் குறையாத நிலத்தில் ஒரு பெரிய திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏரியோ, ஓடையோ, வாய்க்காலோ இருந்தால், அந்த அரசு நிலத்தையும் திட்டத்தோடு ஒருங்கிணைக்க இந்தச் சட்டம் வழிசெய்கிறது. நீர்நிலையின் கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொள்ளப்படும் என்பது அரசின் விளக்கம். 'பெரிய நிறுவனங்கள் கைக்கு நீர்நிலை போய்விடும், கிராமத்தின் பேச்சு எடுபடாது' என்பது விவசாயச் சங்கங்களின் அச்சம். இதில் எது சரி என்று அலசத்தான் சட்டமன்ற விவாதம் இருக்கிறது. ஆனால் இந்த மசோதா விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. விவசாயிகள் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே பிறகுதான் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியபோது காலம் கடந்துவிட்டது. ஆளுநரின் ஒப்புதல் கிடைத்து அது சட்டமும் ஆகிவிட்டது.

இரண்டும் ஒரே அவையில், ஒரே நாளில், ஒரே முறையில் நிறைவேறியவை. ஒன்றில் எதிர்ப்பு அவைக்குள்ளேயே உரக்கக் கேட்டது, வெளியே அமைப்பாகத் திரண்டவர்களும் இருந்தார்கள். மற்றொன்றில் விவாதம்கூட இல்லை. விவசாயிகள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குரல் வாக்கெடுப்பில் பெயர் பதிவாகாது

'அப்படியானால் அந்த நில மசோதாவுக்கு எங்கள் எம்.எல்.ஏ ஆதரவாக வாக்களித்தாரா, எதிர்த்தாரா?' என்று கேட்டால் ஏட்டில் பதில் கிடைக்காது. காரணம், குரல் வாக்கெடுப்பு. ஏற்பவர்களை 'ஆம்' என்றும், மறுப்பவர்களை 'இல்லை' என்றும் சொல்லச் சொல்லி, எந்தக் குரல் ஓங்கி ஒலிக்கிறது என்று பார்த்துப் பேரவைத் தலைவர் முடிவை அறிவிப்பார். யார் 'ஆம்' சொன்னார், யார் வாய்மூடி இருந்தார், யார் அவைக்கே வரவில்லை என்பது அந்த முடிவில் இருக்காது.

234 உறுப்பினர்கள் உள்ள நம் சட்டமன்றம் நடக்க, பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருந்தால் போதும். அதாவது 24 பேர். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுதான் அவையின் முடிவு.

உறுப்பினர்களை எண்ணிக் கணக்கெடுக்கும் முறையும் இருக்கிறது. அதை 'டிவிஷன்' என்பார்கள். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை கோரியபோது, உறுப்பினர்களை வரிசை வரிசையாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்தவர்கள் ஓ.பன்னீர்செல்வமும் அவரோடு இருந்தவர்களும் என்று இன்றும் சொல்ல முடிகிறது. அன்று குரல் வாக்கெடுப்பு மட்டும் நடந்திருந்தால் அந்தப் பதினோரு பேர் யார் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஆட்சியைக் காப்பாற்றும் தீர்மானத்துக்கு எண்ணுகிறார்கள். ஏரியையும் நிலத்தையும் தொடும் மசோதாவுக்குப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. இது ஒரு கட்சியின் பழக்கம் இல்லை. யார் ஆட்சியில் இருந்தாலும் இப்படித்தான் நடக்கிறது. மத்தியிலும் இதே கதைதான். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் வந்தபோது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. கடும் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில்தான் அவை நிறைவேறின. அடுத்த ஆண்டு நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் விவாதம் இல்லாமல், குரல் வாக்கெடுப்பில்தான்.

வெளிநடப்பு என்றால் எதிர்ப்பா?

அடுத்து கவனிக்க வேண்டியது வெளிநடப்பு. 'நாங்கள் அந்த மசோதாவை எதிர்த்து வெளிநடப்புச் செய்தோம்' என்று மேடையில் சொல்வார்கள். எல்லா வெளிநடப்பும் எதிர்ப்பு ஆகாது. அதே சமயம், எல்லாமே நாடகமும் இல்லை. காரணத்தைப் பார்க்க வேண்டும்.

2020 பிப்ரவரி 20 அன்று காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் மசோதா நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் இதில் வந்தன. புதிதாக எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், செம்பு உருக்காலை போன்றவை அங்கே வரக்கூடாது என்பது சட்டத்தின் சாரம். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திமுக, மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரியது. அது ஏற்கப்படாததால் வெளிநடப்புச் செய்தது. வேளாண் மண்டலமே வேண்டாம் என்பதற்காகச் செய்த வெளிநடப்பு இல்லை அது. ஏற்கெனவே நடந்துவரும் எண்ணெய், எரிவாயுப் பணிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பது போன்ற ஓட்டைகள் பேசப்பட்டன. தெரிவுக் குழுவுக்குப் போயிருந்தால் அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அலசியிருக்கலாம்.

2021 ஆகஸ்ட் 28 அன்று காட்சி மாறியது. மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறக் கோரும் தீர்மானத்தைத் திமுக அரசு கொண்டுவந்தது. இப்போது அதிமுகவும் பாஜகவும் வெளிநடப்புச் செய்தன. தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அந்த அதிமுக, பாஜக உறுப்பினர்கள் அந்தத் தீர்மானத்துக்கு 'ஆம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. வெளியே போனவரின் வாக்கு எந்தப் பக்கத்திலும் சேராது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் அவையின் கருத்து. அது யாரையும் கட்டுப்படுத்தாது. 'விவசாயிகளுக்கு ஆதரவாகத் தீர்மானத்தில் கை தூக்கினேன்' என்பவரிடம், சட்டமாகும் மசோதா வந்தபோது என்ன செய்தார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கொறடா உத்தரவு

'எதிர்த்து வாக்களிக்க எனக்கும் ஆசைதான். கட்சி விடாதே' என்று சில எம்.எல்.ஏ.க்கள் தனிப்பட்ட முறையில் சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவி பறிபோகலாம். கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்தால்தான் தப்பிக்கலாம்.

ஆனால் இந்தத் தடை வாக்குக்குத்தான். மசோதாவின் குறைகளை எடுத்துப் பேசலாம். திருத்தம் கொடுக்கலாம். தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கேட்கலாம். மசோதா வருவதற்கு முன்பே அமைச்சரைப் பார்த்துத் தொகுதி விவசாயிகளின் கவலையைச் சொல்லலாம். இதில் எதையும் செய்யாதவருக்குக் கொறடாவைக் காரணம் காட்ட உரிமை இல்லை.

எம்.எல்.ஏ.வின் கணக்கை எப்படிப் பார்ப்பது?

வாக்கு பதிவாகவில்லை என்றாலும் தடயங்கள் பதிவாகின்றன. அவற்றைப் பார்க்கும் வழிகள்:

1. மசோதாவைப் படியுங்கள். அறிமுகமான மசோதாக்கள் சட்டமன்றத்தின் இணையதளத்தில் கிடைக்கும். பின்னால் உள்ள 'நோக்கக் காரண விளக்கவுரை' ஒரு பக்கம்தான் இருக்கும். மசோதா எதற்கு என்பது அதில் தெரியும்.

2. பேச்சைத் தேடுங்கள். அவையில் பேசியது ஒவ்வொன்றும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். விவாதத்தில் உங்கள் எம்.எல்.ஏ பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மசோதாவைப் பற்றிப் பேசினாரா, தலைவர் புகழ் பாடி முடித்தாரா என்றும் பாருங்கள்.

3. தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 10 ரூபாய் கட்டணத்தோடு, பொதுத் தகவல் அலுவலர், சட்டமன்றப் பேரவைச் செயலகம், தலைமைச் செயலகம், சென்னை - 600 009 என்ற முகவரிக்கு மனு எழுதலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 'எம்.எல்.ஏ என்ன செய்தார்?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மசோதாவின் பெயரைக் குறிப்பிட்டு, அறிமுகமான நாள், நிறைவேறிய நாள், விவாதத்தில் பேசியவர்கள், திருத்தம் கொடுத்தவர்கள், டிவிஷன் கேட்கப்பட்டதா, அன்றைய நடவடிக்கைக் குறிப்பின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

4. நேரில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நாலு பேராகப் போய், 'இந்த மசோதாவில் உங்கள் நிலைப்பாடு என்ன?' என்று மனுவாகக் கொடுத்து, பதிலைக் கடிதமாகக் கேளுங்கள். வாய்வார்த்தை காற்றோடு போய்விடும்.

ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு மசோதாவில் பேசாதவர் அன்று உடல்நலமில்லாமல் இருந்திருக்கலாம். நான்கைந்து மசோதாக்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒருவரின் போக்குத் தெரியும்.

கேட்க வேண்டிய நேரம் எது?

பயிருக்கு மருந்து அடிக்கிற பருவம் தவறினால் பலன் இல்லை. மசோதாவுக்கும் பருவம் உண்டு. அறிமுகமாகி நிறைவேறும் வரை உள்ள சில நாட்கள்தான் அது. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மசோதாக்கள் குவிவதும், ஓரிரு நாளில் நிறைவேறுவதும் வழக்கமாக இருப்பதால், கூட்டத்தொடர் தொடங்கும்போதே கவனமாக இருக்க வேண்டும்.

உழவர் உற்பத்தியாளர் குழுவிலோ, பாசனச் சங்கத்திலோ படித்த இளைஞர் ஒருவரை இதற்கென்றே பொறுப்பாக்குங்கள். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் வருவாய், வேளாண்மை, நீர்வளம், தொழில் ஆகிய துறைகளின் மசோதாக்களை அவர் பார்த்துச் சொன்னால் போதும். நிலத்தையும் நீரையும் தொடுபவை பெரும்பாலும் இந்தத் துறைகளில்தான் வரும். நில ஒருங்கிணைப்பு மசோதாவும் வேளாண் துறையிலிருந்து வரவில்லை, வருவாய்த் துறையிலிருந்துதான் வந்தது.

சந்தேகமான மசோதா வந்தால் உடனே எம்.எல்.ஏ.விடம் மூன்றைக் கேளுங்கள்: விவாதத்தில் பேசுங்கள், தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள், டிவிஷன் கேளுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். டிவிஷன் நடந்தால் மசோதா தோற்றுவிடும் என்பதில்லை. யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது தெரிந்துவிடும். அது தெரியும் என்றாலே, வாக்களிக்கும் முன் ஒருமுறை யோசிப்பார்கள்.

கிராம சபையையும் பயன்படுத்துங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடக்கின்றன. 'எங்கள் ஊர் நீர்நிலைகளைத் தொடும் மசோதாக்களில் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் தன் நிலைப்பாட்டை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்' என்று தீர்மானம் போட்டு, நகலை அவருக்கு அனுப்புங்கள். பக்கத்து ஊர்களும் அதையே போட்டால் பதில் சொல்லாமல் இருப்பது கடினம்.

நம் ஏரிக்கரை உடைந்தால் இரவோடு இரவாக மண்மூட்டையோடு ஓடுகிறோம். அதே ஏரியைத் தொடும் மசோதா வந்தால் பத்துப் பேராவது எம்.எல்.ஏ வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அடுத்த முறை அவர் வாக்குக் கேட்டு வரும்போது, சாலைக்கும் குடிநீருக்கும் கணக்குக் கேட்கும் நோட்டில் இன்னொரு பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மசோதாவின் பெயர், நிறைவேறிய நாள், அவர் பேசினாரா, என்ன சொன்னார் என்ற நான்கே வரிகள் எழுதினால் போதும்.